பேரும் வயசும்

அவருடைய குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும், பக்கத்தில் பார்க்க வேண்டாம் என்று துளசிமணி தனக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். வெடித்த குதிகால். காலையில் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றும்போதே கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவியிருக்கலாம். எண்ணெய்க் காலோடு யாராவது பாறை ஏறுவார்களா, என்ன புத்தி இது. பாறை கிழட்டு மாட்டின் முதுகெலும்பு மாதிரி புடைத்துப் புடைத்து மேலே போனது. இரண்டு பேர் ஒதுங்கிக் கடக்கிற அகலம், சில இடத்தில் அதுவும் கிடையாது. வலப்பக்கம் புல்லும் ஈச்சம்புதருமாகச் சரிந்து மரங்களில் போய் முடிந்தது. இடப்பக்கம் எதிலும் முடியவில்லை. பாறை வளைந்து உள்வாங்கிக்கொண்டது, அதற்கு அப்புறம் நேராகக் கோயமுத்தூர்தான். அத்தனை பெரிய ஊர், பஸ்ஸில் போனால் முடியவே முடியாத ஊர், முறத்தில் கொட்டிய நொய் மாதிரிக் கிடந்தது. ஒரு ஆகாய விமானம் அவளுக்குக் கீழே இறங்கிப் போனது. ஆகாய விமானத்தின் வயிற்றைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள், முதுகைப் பார்த்ததில்லை. பார்த்ததும் குதிகாலுக்கே திரும்பி வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து கடைத்தெருவிலும் கோயிலிலும் அவர் முன்னால், அவள் பின்னால், அது புதிதில்லை. சுனையைத் தாண்டியதிலிருந்து பேச்சே இல்லை என்பதுதான் இன்றைக்குப் புதிது. தடியால் வந்த வினை. ஈரப்பாறையில் அவருக்குக் கால் வழுக்கி முழங்கை தேய்ந்தது, அவள் பதறிப்போய்த் தன் மூங்கில் தடியை நீட்டி, "இதப் புடிங்க, முடியாட்டி உக்காந்து நவுந்து வாங்க" என்றாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பின்னால் வந்த கம்பெனிப் பையன்களில் ஒருத்தன், "பெரியப்பா, அம்மிணி சொல்றதைக் கேட்டுக்குங்க, திரும்பிப் போயி சோறு அவங்ககிட்டத்தான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அவர் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். தடியை வாங்கினார், ஊன்றுவார் என்று நினைத்தாள், அவள் கையிலேயே திரும்ப வைத்தார். "நீ இன்னிக்குத்தான் இந்த மலையப் பாக்கறே. எனக்குக் கண்ணக் கட்டி உட்டாலும் போவேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் குதிகால்தான்.

சொல்லிவிட வேண்டும். சுனையோரம் பானை வைத்து மோர் விற்ற பெண் சொன்னதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மோர் வேண்டாமென்று தள்ளிப் போய் நின்றுகொண்டார், அவள்தான் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கொடுக்கும்போது அந்தப் பெண் சொன்னாள், மேலே விளக்குத்தூண் வரும், அங்கே வழி இரண்டாகப் பிரியும், சோற்றாங்கைப் பக்கம் சங்கிலியைப் பிடித்துப் போங்கள், பீச்சாங்கைப் பக்கம் பழைய வழி, ஐப்பசி மழையில் பாறை பெயர்ந்து விழுந்துவிட்டது, "அங்க ஒண்ணுமில்லீங்க" என்றாள். அந்தப் பேச்சு அவள் மனசில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. ஒன்றுமில்லை. குழந்தை விழுந்தால் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்று தட்டிக்கொடுக்கிறோம். ஆவணியில் அவருக்கு நெஞ்சைக் கரிக்கிறது என்று போனபோது டாக்டரும் அதைத்தான் சொன்னார், ஒண்ணுமில்லீங்க, மாத்திரை போடுங்க. ஒண்ணுமில்லை என்றால் பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மோர்க்காரப் பெண் சொன்ன ஒண்ணுமில்லை வேறு. கால் வைக்க ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்த வழியோ அந்தப் பழைய வழிதான். சங்கிலி பின்னால் வந்தது, வயசானவர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் என்று கட்டியது, அதைப் பிடித்துப் போகிறவர்களைப் பற்றி அவர் வீட்டில் கேலியாகப் பேசியிருக்கிறார். மூட்டுவலி வந்து அவர் மலைக்கு வருவது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கார்த்திகைக் கிருத்திகைக்குத்தான், டாக்டர் ஒண்ணுமில்லை என்று சொன்னதற்காக ஒருதரம் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார், தனியாக விட மனசில்லாமல் அவளும் கிளம்பினாள். சுனையிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தடிக்கே இந்த முகம் என்றால் வழியும் சொன்னால் என்ன முகமாகும் என்று விழுங்கிவிட்டாள். தூண் வரட்டும், பக்கத்தில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், நாலு பேர் காதில் விழாமல். தூண் இதோ மேலேதான் தெரிகிறது, பாறைமேல் ஒரு விரல் நட்ட மாதிரி. அது வரைக்கும் குதிகாலை விடாமல் போனால் போதும்.

அப்போதுதான் மேகம் வந்தது. முதலில் பாலக்காட்டுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று முந்தானையைத் தூக்கியது. அப்புறம் கோயமுத்தூர் இல்லை. மேம்பாலம் இல்லை, மில் புகைபோக்கி இல்லை, ஈச்சம்புதர் இல்லை. கீழே ஆழம் தெரியாததால் பயம் குறையுமென்று நினைத்தாள், குறையவில்லை, ஆழம் இப்போது இடப்பக்கத்தோடு நிற்காமல் சுற்றிலும் வந்துவிட்டது. தடி நுனியும் தன் கால் கட்டைவிரலும் தெரிந்தன. தூணைத் தேடினாள், இல்லை. குதிகாலைத் தேடினாள். வெள்ளையில் ஒரு பச்சைத்துண்டின் நுனி அசைந்தது, அது அவர் தோள்துண்டுதான், பிறகு அதுவும் கரைந்தது. "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். வெள்ளைக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது, என்னம்மிணி என்று. அவர் குரல் இல்லை. இன்னொரு பக்கமிருந்து இன்னொரு ஆள், வந்துட்டேன் இரு என்றார். எங்கேயோ கீழே ஒரு பெண்ணும் ஏனுங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கும் யார் யாரோ பதில் சொன்னார்கள். கம்பெனிப் பையன்கள் அவளை உரசிக்கொண்டு முன்னால் போனார்கள். "ஏனுங்கன்னா நாங்களும் திரும்பத்தானுங்கொ செய்வோம், பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா" என்று அதே பையன் சொன்னான். அவர்களிடம் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் ஓடிப்போய் முன்னால் போகிறவரை நிறுத்துங்கள் என்று. கூச்சம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வார்த்தையைச் சேர்த்து முடிப்பதற்குள் அவர்களும் கரைந்துவிட்டார்கள்.

பேரைச் சொல்லிக் கூப்பிடுவதாம். சொல்கிறவனுக்கு என்ன. மகள் சுகந்தி தன் வீட்டுக்காரனைப் போனில் நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுகிறாள், அவனும் நன்றாகத்தான் இருக்கிறான், போன தடவை பார்த்தபோது ஒரு சுற்றுப் பெருத்தே இருந்தான். ஆனால் துளசிமணி சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பாள். ஆளில்லாத சமயத்தில் கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடம் விடுகதை போட்டாள், "ஜெயிச்சா என்ன சொல்லுவீங்க? முருகன் கையில என்ன வெச்சிருப்பாரு? ரண்டையும் சேத்துக்குங்க" என்று. வாத்தியார் எழுதிக்கொண்டே சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் பயம்தான் இருந்தது. அக்கா பாவாயாள் ஒருதரம் சொன்னாள். கரும்புக் காட்டில் வேலை செய்கிற பெண்கள் பந்தயம் கட்டி உசுப்பேற்றினார்கள், வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு மாமன் பேரை நீட்டி முழக்கிச் சொன்னாள், எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த அமாவாசைக்குள் மாமன் லாரியில் அடிபட்டுப் போனார். பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அன்றையிலிருந்து யார் பேரையுமே சொல்வதை விட்டுவிட்டாள், பிள்ளைகளைக் கூட ஏய் என்றுதான் கூப்பிட்டாள். துளசிமணி இதைப் பலமுறை மனசில் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறாள். சொன்னவள் ஒருத்தி, போனவர் ஒருத்தர், அது கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லியும் ஒன்றும் ஆகாதவர்கள் எத்தனை பேர், அதை யார் எண்ணினார்கள். சொல்லாமலே புருஷனைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களையாவது யார் எண்ணினார்கள். கணக்கு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்தும் நாக்கு எழவில்லை. அவர் பேரை அவள் காதால் கேட்பதே அபூர்வம், கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் மோட்டார்க்காரர். கடைசியாகக் கேட்டது ஆவணியில், ஸ்கேன் எடுக்கிற இடத்தில். நாற்காலி நாற்காலியாக ஜனம். கதவைப் பாதி திறந்துகொண்டு ஒரு சின்னப் பெண், கையிலிருந்த சீட்டை விட்டு நிமிராமல், தண்ணீர் சொட்டுகிற மாதிரிச் சொன்னாள், "வெற்றிவேல். ஆண். அறுபத்திநாலு." சுகந்தியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே உட்கார்ந்தபடி கும்பிட்டவர், படக்கென்று எழுந்தார். தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இருக்கேனுங்க" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. அந்தப் பெண் அப்போதும் நிமிரவில்லை. துளசிமணிதான், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பையைத் துழாவுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

தடி நங்கென்று கல்லில் இடித்தது. தூண். கையால் தடவிப் பார்த்தாள், எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமுமாக இருந்தது. வலப்பக்கம் கை நீட்டினால் சங்கிலி, பனி கோத்துச் சில்லென்று. அந்தப் பக்கம் மேலே ஆட்கள் போகிற சத்தம் கேட்டது, வளையல் சத்தம், இருமல், சங்கிலி கல்லில் உரசுகிற சத்தம், நடுநடுவே அரோகரா. அவரும் அங்கேதான் போயிருப்பார். சங்கிலி இருக்கும்போது யார் வேறு பக்கம் போவார்கள். போயிருப்பார். இடப்பக்கம் குனிந்து தடியால் துழாவினாள். கயிறு ஒன்று சிக்கியது. குறுக்கே கட்டியிருந்த கயிறுதான், நடுவில் சிவப்புத் துணி, கட்டியிருந்த குச்சியோடு சாய்ந்து தரையில் கிடந்தது. துணியின் மேல் சேறு. சேற்றில் பாதம். இன்னும் ஈரம் வடியாத பாதம், பின்பக்கம் கோடு கோடாக வெடிப்பு. அதே நேரம் இடப்பக்க வெள்ளைக்குள்ளிருந்து இருமல் கேட்டது, விடியற்காலையில் பல் தேய்க்கும்போது இருமுகிற அதே இருமல், வறட்டிக்கொண்டு இரண்டு தரம். ரொம்பத் தூரம் இல்லை. அங்கே ஒண்ணுமில்லீங்க. எத்தனை எட்டுக்கு அப்புறம் ஒண்ணுமில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்காமல் விட்டேனே, டம்ளரைக் கழுவத் தெரிந்தது, அதைக் கேட்கத் தெரியவில்லை. கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். பாசி. கால் தானாக இழுத்துக்கொண்டு போனது, உட்கார்ந்துவிட்டாள், தடியைக் குறுக்கே கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு. இனி முன்னால் போக முடியாது. "ஏனுங்க" என்றாள். சங்கிலிப் பக்கமிருந்து யாரோ, இங்கிருக்கறேன் வா என்றார். இடப்பக்கம் காலடி நிற்கவில்லை. கூழாங்கல் ஒன்று புரண்டது. உருண்டது. விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள், சத்தம் வரவே இல்லை.

சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இப்போதே முடியும். கணக்கு அவ்வளவுதான், அதற்குமேல் கூட்டக் கழிக்க ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் அதே வெள்ளைதான். அக்கா வாய்க்கால் மேட்டில் நின்றது தெரிந்தது. வாயைத் திறந்தாள், அந்தப் பேர், இத்தனை வருஷம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த பேர், அவளே எதிர்பாராத அளவுக்குப் பெரிய சத்தமாக வந்தது. "வெற்றிவேல்!"

"வீரவேல்!" என்றது மலை.

மேலேயிருந்து, கீழேயிருந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, ஒரே குரலில். அது மட்டுமென்றால் பரவாயில்லை. இடப்பக்கத்து வெள்ளைக்குள்ளிருந்தும் ஒரு குரல், மற்றவர்கள் முடித்த பிறகு ஒரு மூச்சு தாமதமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் நெஞ்சு நிறைய, "வீரவேல்" என்றது. அவர்தான். அவர் பேருக்கு அவரே கோஷம் போட்டுவிட்டு நடக்கிறார். காலடி இன்னும் வேகமாகக்கூடக் கேட்டது. துளசிமணிக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை, உடம்பு குலுங்கியது. பெரியவர்கள் பேர் வைத்தார்களே, யார் வீட்டுக்காரருக்காவது இப்படி ஒரு பேர் உண்டா, கூப்பிட்டால் ஊரே ஏன் என்று கேட்கிற பேர். மறுபடி கூப்பிட்டாள், வெற்றிவேல் நில்லுங்க, அங்கே வழியில்லை என்று. முதல் வார்த்தை போன உடனேயே வீரவேல் வந்து மிச்சத்தை அப்படியே மூடிவிட்டது. கம்பெனிப் பையனின் குரல் மேலேயிருந்து உற்சாகமாக வந்தது, "அம்மா, சூப்பருங்க, இன்னொருக்கா சொல்லுங்க." சொல்லச் சொல்ல அவருக்கு உரம் ஏறுகிறது. ஒரு தடவை சொன்னதற்கே எவ்வளவு குறைந்ததோ, இப்போது இரண்டு. இரண்டும் வீண். சாமிக்கும் அதே பேர், இவருக்கும் அதே பேர், கூப்பிட்டால் சாமிக்குத்தான் போகிறது. சாமிக்கு இல்லாதது இவருக்கு என்ன இருக்கிறது. மோட்டார்க்காரர் என்று கூப்பிடலாமா, அதைக் கேட்டு எந்த நாளும் அவர் சட்டென்று நின்றதில்லை, வரட்டும் என்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். அவர் எதற்கு நின்றார், எந்தக் குரலுக்கு நின்றார். இருமல் மறுபடி. இப்போது இன்னும் தள்ளி. ஒரு காலடி. துழாவி வைக்கிற காலடி. இன்னொன்று. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அவர் எழுந்து நின்றது அவள் கண்ணுக்கு வந்தது, தோள்துண்டு கக்கத்துக்கு இறங்கியது வந்தது.

கத்தக் கூடாது. கத்தினால் கோஷமாகிவிடும். துளசிமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சீட்டைப் பார்க்கிற மாதிரித் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். மூச்சை நிறுத்தி, உயிரே இல்லாத குரலில், உரக்க, ஒவ்வொன்றாகச் சொட்ட விட்டாள்.

"வெற்றிவேல். ஆண். அறுபத்திநாலு."

முதல் வார்த்தைக்கு வாயெடுத்த இரண்டொருவர் அடுத்ததைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சங்கிலி உரசுவது நின்றது. காற்று மட்டும் தூணைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கேனுங்க."

காலடி நின்றிருந்தது. "நின்ன எடத்துலயே உக்காருங்க" என்று அதே செத்த குரலில் சொன்னாள், தன் குரலுக்கு மாறினால் அவர் கேட்க மாட்டாரென்று பயம். "முன்னால கால் வெக்காதீங்க. தரையத் தொட்டுப் பாருங்க." துணி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மூச்சை இழுத்தது கேட்டது, நெருப்பில் கை வைத்தவர் இழுக்கிற மாதிரி. கை எதையோ தேடிப் போய், எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்திருக்க வேண்டும். கல்லிடுக்கிலிருந்து தடியை உருவி வெள்ளைக்குள் நீட்டி, அதன் நுனியால் பாறையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார், உட்கார்ந்தபடி, நகர்ந்து நகர்ந்து. முதலில் பச்சைத்துண்டு வந்தது, கக்கத்தில் இடுக்கியிருந்தது. அப்புறம் தடியின் மறுமுனையை ஒரு கை பிடித்தது. பக்கத்தில் வந்து தூணில் சாய்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தடியை அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. சங்கிலிப் பக்கம் யாரோ ஒரு அரோகரா போட்டார்கள், ஜனம் மறுபடி நகர ஆரம்பித்தது.

அவள் பக்கம் திரும்பாமலே அவர் சொன்னார். "அந்த நர்ஸ் புள்ளன்னே நெனச்சுட்டேன்."

"நாந்தானுங்க."

தெரியும் என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். பேரைச் சொன்னதைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். மூன்று தரம். மூன்றும் அவர் காதில் விழுந்திருக்கும். முதல் தரத்துக்கு அவரே பதில் கோஷம் போட்டார். எதையாவது சொல்லட்டும், திட்டட்டும். அவர் முழங்கைச் சிராய்ப்பில் ஒட்டியிருந்த மணலை ஊதினார்.

"ஐப்பசியோட அறுபத்தஞ்சு ஆயிருச்சு புள்ள" என்றார். "ஒண்ணக் கொறச்சுச் சொல்லிட்டே."

துளசிமணி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஆமாம். ஸ்கேன் எடுத்தது ஆவணியில்.

"அடுத்தவாட்டி சரியாச் சொல்றனுங்க" என்றாள்.